இரவு தங்க அனுமதி

நாங்கள் இந்திய அகதி முகாமிலிருந்து தொண்டைமானாற்றுக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு விதானையாரின் கந்தோருக்குப் போனார். பதிவு விஷயமாகப் போகிறார் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். பதிவு முதல் நாளே முடிந்துவிட்டது. அப்பா போனது வேறு அலுவலுக்கு.

எங்கள் கிராம அலுவலர் அப்போது ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த அமைதியான மனிதர். ஊருக்கு அவர் விதானையார்தான். மேசைக்கு முன்னால் கை கட்டி நின்ற அப்பாவைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அப்பா இருக்கவில்லை.

"ஐயா, நாளைக்கு மனிசியின்ரை தங்கச்சி வீட்டை இணுவிலுக்குப் போறம். காலமை போய்ப் பின்னேரம் ஆறு மணிக்குள்ளை திரும்பிவிடுவம்."

விதானையார் மிச்சக் கதைக்காகக் காத்திருந்தார். மிச்சக் கதை இல்லை.

"சரி, போயிட்டு வாங்கோ," என்றார்.

அப்பா கும்பிட்டுவிட்டு வந்து, "தந்திட்டார். நல்ல மனிசன், ஒண்டும் துருவிக் கேட்கேல்லை," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பை ஊதினார்.

இது விளங்க முகாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் கலியாணம் கட்டிய புதிதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள். கடற்கரையில் பிறந்த அவர்களைக் கொண்டுபோய், கடலே இல்லாத ஓர் ஊரில், செங்கல் சூளைகளுக்குப் பக்கத்து முகாமில் விட்டார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். முப்பது வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே இருந்தோம். மாதத்தில் இரண்டு நாள் செக்கிங். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போடுவார்கள், ஓர் அதிகாரி வந்து பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயருக்கு மேல் ஒரு கோடு, அந்த ஆளின் அரிசியும் உதவிப்பணமும் நின்றுவிடும். அந்தக் கோட்டை எடுப்பிக்க மூன்று மாதம் அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டும், சிலருக்கு எடுபடவே இல்லை.

முகாமை விட்டுப் பகலில் போக வாயால் கேட்டால் போதும். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். இரவு தங்குவதென்றால் எழுதிக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். செத்த வீடென்றால் செத்தவர் என்ன முறை என்று கேட்பார்கள். தகப்பன், தாய், கூடப்பிறந்தவர் என்றால் ஓர் இரவு. சித்தப்பா, மாமா என்றால் பகலிலேயே அழுதுவிட்டு வந்துவிட வேண்டும்.

கலியாணங்கள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் வேறு வேறு முகாம்களில் இருந்தார்கள், பஸ்ஸில் நாலு மணி, ஐந்து மணி நேரத் தூரம். அம்மா விடிய முதல் பஸ்ஸில் போவார், தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேருவார், அரிசி போட்டுவிட்டுப் பந்திக்கு இலை போடுகிற நேரம் பஸ்ஸுக்கு ஓடிவருவார். யாராவது இரக்கப்பட்டு ஒரு பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பார்கள். நான் தின்ற கலியாணச் சாப்பாடெல்லாம் பொட்டலத்தில் வந்ததுதான். அம்மாவுக்கு இதில் தீராத மனக்குறை. "ஒரு கலியாண வீட்டிலையாவது வெங்காயம் உரிச்சிருக்கிறனோ? எப்ப பார்த்தாலும் வந்த ஆள் மாதிரிப் போய் நிண்டிட்டு வாறது," என்பார். சொந்தக்காரப் பெண்கள் நாலு நாள் முன்னாலேயே போய் நின்று, பலகாரம் சுட்டு, சண்டை பிடித்து, சமாதானமாகி, கடைசிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதுதான் அவருக்குக் கலியாணம். அம்மாவுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசைகள் இருந்ததாக எனக்குத் தெரியாது.

சரி, ஊருக்கு வந்தோம். சொந்த ஊர், சொந்தச் சனம். எதிர்வீட்டில் இருந்தவர் அப்பாவின் மச்சான், எனக்கு மாமா. வந்த அன்றைக்கே ஒரு சரை நிறைய இறாலும், கிடுகு கட்டக் கயிறும் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்து, "நீங்கள் அங்கை சுகமாய் இருந்திட்டு வந்தியள். நாங்கள்தான் இஞ்சை செல்லடிக்குள்ளை கிடந்தம்," என்றார்.

எனக்குக் கோபம் கெதியில் வரும். "ஓம் மாமா, நல்ல சுகம். பத்தடிக்குப் பத்தடி அறை. கால் நீட்டிப் படுத்தால் கதவு பூட்டாது. முறை வைச்சு நீட்டினம்," என்றேன். அம்மா பின்னால் இருந்து என் இடுப்பில் கிள்ளினார். மாமா கதிரையில் நிமிர்ந்தார். "இஞ்சை பங்கருக்குள்ளை நீட்டவே ஏலாது," என்றார். அதற்குமேல் அந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் புள்ளி எடுக்கவில்லை. இறால் நன்றாக இருந்தது.

அங்கே நாங்கள் சிலோன்காரர். இங்கே வந்து இறங்கிய அன்றே இந்தியாக்காரர் ஆகிவிட்டோம். 'இந்தியாக்காரற்றை வளவு', 'இந்தியாக்காரரின்ரை பெட்டை' என்றுதான் கதை. பெட்டை நான்தான், அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இந்தப் பெயரை மாற்ற நான் கொஞ்சக் காலம் பாடுபட்டேன், பிறகு விட்டுவிட்டேன். அப்பா பாடுபடவே இல்லை. அவருக்குப் பதிவேட்டில் என்ன பெயர் இருக்கிறது என்பதுதான் கவலை, வாயில் என்ன பெயர் என்பதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு முடிந்து, மடத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அப்பா சட்டைப்பையில் இருந்து, முகாமில் அரிசி வாங்கக் காட்டுகிற அட்டையை எடுத்து நீட்டினார். சோறு போட்டவர் கரண்டியைப் பிடித்தபடி அட்டையைப் பார்த்தார்.

"என்ன ஐயா உது?"

"மூண்டு பேர்," என்றார் அப்பா.

அவர் மூன்று பேருக்கும் போட்டார். அப்பா அட்டையை மடித்து உள்ளே வைத்தார். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை, வெட்கம். அப்பா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார், அதற்கு அட்டை காட்டவில்லை.

விதானையாரிடம் போவது மட்டும் நிற்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டுகிற எந்தப் பயணமென்றாலும் முதல்நாள் போய்ச் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக், நெல்லியடியில் வலை நூல் வாங்குவது, எல்லாம்தான். விதானையாரும் பழகிவிட்டார். அப்பாவின் தலை வாசலில் தெரிந்ததுமே எழுதிக்கொண்டிருப்பதில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், போயிட்டு வாங்கோ," என்பார். ஊரும் பழகிவிட்டது. பஸ் தரிப்பில் நிற்கிறவர்கள், "என்ன அண்ணை, இண்டைக்கு லீவு கிடைச்சதோ?" என்று பகிடி விடுவார்கள். அப்பா பகிடி என்று எடுப்பதில்லை. "ஓம், ஆறு மணி மட்டும்," என்று பதில் சொல்லுவார்.

நான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "ஆரப்பா இஞ்சை பேர் வெட்டப்போகினம்?"

"வெட்டுறவை எங்கையும் இருப்பினம்," என்றார்.

"பேரை வெட்டினா இஞ்சை என்ன நடக்கும்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "என்ன நடக்கும் எண்டு தெரியாததுதான் கரைச்சல்," என்றார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு சொல்லுவினம். இந்த மனிசனுக்கு முகாம் பழக்கம்," என்றார் அம்மா, குழம்பை ஊற்றியபடி.

இப்படியே எட்டு வருடம் போனது. எட்டு வருடத்தில் நாங்கள் ஓர் இரவு கூட வெளியில் தங்கவில்லை. இரவுக்கு எழுத்தில் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்டால் அதை எண்ணி வைப்பார்கள், வீணாக்கக் கூடாது என்பது அப்பாவின் கணக்கு. இணுவிலில் இருந்த சின்னம்மா அம்மாவுக்கு ஒரே தங்கச்சி. அவவும் கடற்கரைதான், பலாலிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடம். சண்டையில் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடத்திலும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருந்து, கடைசியில் இணுவிலில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று பரப்புக் காணி வாங்கி இருந்துவிட்டா. அக்கம்பக்கத்தார் இன்னும் அவவை 'இடம்பெயர்ந்து வந்த ஆக்கள்' என்றுதான் சொல்லுவார்கள், வந்து இருபது வருடத்துக்கு மேல். அம்மா அங்கே போனால் மூன்று மணிக்கே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவார். சின்னம்மா உடனே எழும்பித் தேத்தண்ணி போடுவா.

போன வருடம் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. சித்தப்பா இல்லை, காலமாகி ஐந்து வருடம். மகளைத் தாரைவார்த்துக் கொடுக்க ஒரு தம்பதி வேண்டும். சின்னம்மா ஃபோன் எடுத்தா.

"அக்கா, நீயும் அத்தானும்தான் தாரைவார்க்க வேணும். முகூர்த்தம் காலமை ஆறுக்கு. பலகாரச் சூட்டுக்கும் நீதான் முதல் பணியாரம் போட வேணும், நான் போடக்கூடாது. நாலு நாள் முந்தி வந்து நில். இந்தமுறை மணிக்கூடு பார்க்கிறேல்லை, சொல்லிப்போட்டன்."

அம்மா ஃபோனை வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போனார். போய்ப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெரிய எண்ணெய்த் தாச்சியை மேல்தட்டில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் தாச்சி ஓட்டை என்று அவருக்குத் தெரியும்.

இதற்குள் பழைய விதானையார் ஓய்வுபெற்றுப் போய், புதிதாக ஒரு பெண்பிள்ளை வந்திருந்தா. வயது முப்பது இருக்கும், படிப்பு, நேர்மை, எல்லாம் உண்டு. யாரிடமும் ஒரு இளநீர் கூட வாங்கமாட்டா. அப்பா இம்முறை எழுத்தில் கேட்கப் போனார், நானும் கூடப் போனேன். அப்பா விண்ணப்பத்தை நீட்டினார். தன் கையாலேயே எழுதியது. குடும்பத்தில் மூவர், நான்கு இரவுகள், காரணம்: மனைவியின் சகோதரியின் மகளின் திருமணம்.

அந்தப் பிள்ளை இரண்டு முறை வாசித்தா. பிறகு எழுந்து நின்றா. அப்பா நின்றுகொண்டிருந்தபடியால் என்று நினைக்கிறேன்.

"ஐயா, இது உங்கடை ஊர். எங்கை எண்டாலும் போகலாம், எத்தினை நாள் எண்டாலும் தங்கலாம். ஒருத்தரும் உங்களுக்கு அனுமதி தரத் தேவையில்லை."

"விளங்குது மிஸ்," என்றார் அப்பா. "அதை எழுதித் தாங்கோ."

"அப்பிடி எழுத ஏலாது ஐயா. அனுமதி எண்டு ஒண்டு இருந்தால்தானே தரலாம். இல்லாத ஒண்டைத் தந்தால் பிழை."

"ஒரு வரி போதும்."

"ஒரு வரியும் ஏலாது ஐயா. குறை நினைக்காதையுங்கோ. உங்களை இப்பிடிக் கேட்கப் பழக்கினவையிலைதான் எனக்குக் கோபம்," என்றா. உண்மையாகவே கண் கலங்கி இருந்தது. அவவில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அப்பாவிலும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அம்மாவின் கலியாண வீடு கிடந்தது.

வீட்டுக்கு வந்த அப்பா முற்றத்தில் இருந்து நெடுநேரம் விரலால் மண்ணில் கீறினார். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். கலியாணத்தன்று விடிய மூன்று மணிக்கு ஓட்டோவில் வெளிக்கிட்டால் நாலுக்கு இணுவில். ஆறுக்குத் தாரைவார்ப்பு. பத்துக்குத் திரும்பலாம். மூன்று மணிக்கு வெளிக்கிடுவது இரவு தங்குவதில் சேராது, அது வெள்ளனப் பயணம்.

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "தகப்பன் இடத்திலை நிக்கிறவர் ஓட்டோவிலை வந்து இறங்கித் தண்ணி வார்த்திட்டு, ஓட்டோவிலை ஏறிப் போறதோ? மாப்பிளை வீட்டார் என்னெண்டு நினைப்பினம்? கூலிக்குப் பிடிச்ச ஆள் எண்டு நினைப்பினம். நான் ஆரின்ரை கலியாணத்திலையும் சோறு தின்னேல்லை. என்ரை தங்கச்சியின்ரை பிள்ளைக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு வரமாட்டன்."

"அப்ப நீயும் பிள்ளையும் போங்கோ."

"தாரைவார்க்க ரெண்டு பேர் வேணும். பிள்ளையையோ பக்கத்திலை நிப்பாட்டுறது?"

அம்மா தாச்சியைத் தூக்கித் திரும்ப மேல்தட்டில் வைத்தார். வைத்த சத்தம் எதிர்வீட்டு மாமாவுக்குக் கேட்டிருக்கும். அன்று பகல் எங்கள் வீட்டில் சமையல் இல்லை.

நான் அப்போது நெல்லியடியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அரசாங்கக் கடிதம் எப்படி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி, ஒரு நாளைக்கு நூறு அடிக்கிறோம். மறுநாள் கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்து அடித்தேன்.

'இத்தால் அறியத்தருவது யாதெனில், மேற்படி குடும்பத் தலைவரும் அவரது மனைவியும் மகளும் இணுவிலில் நான்கு இரவுகள் தங்குவதில் இக்கந்தோருக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.'

எந்தக் கந்தோர் என்று போடவில்லை. கீழே வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து வைத்தேன். அதன்மேல் கடையின் வட்ட முத்திரையை மையில்லாத பக்கமாகப் பார்த்து, ஒரு சாடைக்கு அழுத்தினேன். முத்திரை தெளிவாக இருந்தால்தான் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை, கோபத்தில் இருந்தேன்.

"அந்த மிஸ் மனம் மாறிட்டா," என்று அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கடதாசியை வெளிச்சத்தில் பிடித்தார். நாலாக மடித்து முகாம் அட்டைக்குள் வைத்தார். "தாச்சியை இறக்கச் சொல்லு," என்றார்.

இணுவிலுக்குப் போய் இறங்கியதும் அப்பா செய்த முதல் வேலை, சின்னம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தது. முகாமில் தங்கப்போகிற வீட்டாரிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். சின்னம்மா மாவரிக்கிற கையைத் துடைத்துவிட்டு முழுவதையும் வாசித்தா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்த மனுஷி. சிரிக்கவில்லை.

"நாலு இரவு எண்டு கிடக்கு அத்தான். நாலும் நிக்க வேணும், குறைக்கப்படாது," என்று சொல்லிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தா.

பலகாரச் சூட்டன்று பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். இணுவில் அயலில் இருந்தும் நாலு பேர் வந்தார்கள், சுளகும் அகப்பையும் கொண்டு. அம்மா பிள்ளையாரைக் கும்பிட்டு முதல் அரியதரத்தை, முகாமில் நாங்கள் அதிரசம் என்றதை, எண்ணெய்க்குள் விட்டார். அது பிரிந்து போனது. இரண்டாவதும் பிரிந்தது. மாவில் சீனிப்பாகு கூடிவிட்டது என்று சின்னம்மாவும், அடுப்பு எரிச்சல் கூடிவிட்டது என்று அயல்பெண்ணும் சண்டை பிடித்தார்கள். அம்மா இரண்டு பேரோடும் சண்டை பிடித்தார். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கலியாணத்தன்று காலை அப்பா பட்டு வேட்டியில் நின்று மணமகளின் கையைப் பிடித்துக் கொடுக்க, அம்மா செம்பில் இருந்து தண்ணீர் வார்த்தார். தண்ணீர் நூலாக, அறாமல் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கதையில் இந்தியச் சாயலைக் கவனித்தார்களோ தெரியாது, கவனித்தாலும் சொல்லவில்லை. பந்தியில் அம்மா இருக்கவே இல்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, குசினிப் பெண்களோடு நிலத்தில் இருந்து, வாழையிலையில், ஆறிப்போன சோற்றை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு அப்பா பையைக் கட்டினார். நாலு இரவு முடிந்துவிட்டது, ஆறு மணிக்குள் ஊரில் நிற்க வேண்டும். கொல்லையில் அம்மா சாம்பலும் பழப்புளியும் போட்டுச் சோற்றுக் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சின்னம்மா, "நாலாம் நாள் சடங்கு முடியுமட்டும் நில்லன் அக்கா," என்றா. அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, கிணற்றடியில் பையோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். திரும்பவும் குனிந்து தேய்த்தார்.

அப்பா பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இஞ்சை கிட்டடியிலை கடிதம் அடிக்கிற கடை ஏதும் இருக்கோ?"

"என்னத்துக்கு அப்பா?"

"மற்றதிலை நீ நாலு எண்டுதானே போட்டனி."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அப்பா என்னைப் பார்க்காமல் பையின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "எத்தினை இரவு எண்டு போடுறது?" என்று கேட்டேன்.

"கொம்மாட்டைக் கேள்."

போய்க் கேட்டேன். அம்மா கிடாரத்தை விட்டார். சாம்பல் கையைக் கழுவாமலே விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது, மற்றக் கையும் முடிந்தது. திரும்பவும் பெருவிரலுக்கு வந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.